பாத்துப் போட்டுக் குடுங்க மேடம்

மொரப்பூர் ஸ்டேஷனின் இரண்டாவது பிளாட்பாரத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த கோடியில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அன்ஜும் உட்கார்ந்தபோது மணி நாலு ஐந்து. ஐந்து மணிக்குள் அவள் பெங்களூருக்கு ஒரு போன் செய்தாக வேண்டும். மடியில் நோட்டு திறந்திருந்தது. எண் போட்டு ஏழு வாக்கியங்கள் எழுதியிருந்தாள். முதலாவது, 'வணக்கம் மேடம், நான் அன்ஜும் பேசறேன்.' தன் பெயரைக்கூட எழுதி வைத்துக்கொண்டால்தான் வாயிலிருந்து சரியாக வரும் என்ற நிலையில் இருந்தாள். மூன்றாவது வாக்கியத்தை நாலு முறை அடித்துத் திருத்தியதில் அந்த இடத்தில் தாள் நைந்துவிட்டது. தொகை வர வேண்டிய இடம் அது. இப்போதைக்கு அங்கே ஒரு கோடு மட்டும் இருந்தது.

எல்லாம் புதன்கிழமை ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் நடந்து முடிந்தது. போனில் அந்த அழைப்பின் நீளம் அப்படியே பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் அதைப் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பாள். ஸ்டேஷன் ரோட்டில் மாது அண்ணனின் ஜெராக்ஸ் கடையில், யாருடைய ஆதார் அட்டையையோ ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. எட்டு மாதமாக வாரத்தில் மூன்று நாள், கடை முடிந்து தருமபுரிக்கு பஸ் பிடித்துப் போய் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்ததற்கான பலன் அந்தப் போனில் இருந்தது. பிரணதி என்ற பெண் பேசினாள். கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். மூன்று சுற்றிலும் தேறிவிட்டதாகச் சொல்லி வாழ்த்தினாள். பிறகு, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க மேடம்" என்றாள் அன்ஜும்.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "ஸோ ஸ்வீட். மூணு இருபது போடறேன். ஓகேவா?"

"ஓகேங்க மேடம். ரொம்ப தேங்க்ஸுங்க."

வருடத்துக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம். மாது அண்ணன் தருவது மாதம் பதினோராயிரம். அந்த நிமிடத்தில் அது மலையளவு தெரிந்தது. ஸ்கேன் செய்த ஆதாரை உரியவரிடம் கொடுக்க மறந்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று மாலையே, அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்று மாது அண்ணனிடம் சொல்லியும்விட்டாள். அவரும் மறுநாளே தன் மச்சினியைக் கடைக்குக் கூட்டி வந்து, பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எங்கே தட்ட வேண்டும் என்று காட்டத் தொடங்கிவிட்டார்.

'பாத்துக் குடுங்க' என்பது அவள் யோசித்துச் சொன்னதல்ல. கடத்தூரில் அவள் அப்பா அப்சலுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வீட்டில் பேசுவது உருது, கடையில் தமிழ். இந்த இரண்டு சொல்லை மட்டும் அவர் வாயில் ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டு வளர்ந்தவள். கிணற்று மோட்டார் புகைந்துபோய், டிவிஎஸ்ஸில் கட்டி எடுத்து வரும் பச்சியப்பன், வேலை முடிந்ததும் கேட்பார்.

"எவ்ளோ பாய் ஆச்சு?"

"நீங்களே பாத்துக் குடுங்கண்ணே."

"ஒரு தொகையச் சொல்லு பாய். நீ பாட்டுக்கு இப்பிடிச் சொல்லிப்புட்டா நான் ராத்திரி தூங்க வேணாமா?"

கடைசியில் பச்சியப்பன் கொடுப்பது நியாயமான தொகையாகவே இருக்கும். சில நாள் ஐம்பது கூடவும் இருக்கும். குறைத்துக் கொடுக்க அவருக்குத் துணிவு வராது. பக்கத்துக் காட்டுக்காரர் போன மாதம் என்ன கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த கோடையில் மோட்டார் மறுபடி புகையும் என்பதும் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விலைப்பட்டியல் இருந்தது. தினம் முகம் பார்க்கிறவர்களுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பட்டியல் அது. பிரணதி கடத்தூரில் காடு கழனி வைத்திருக்கவில்லை. இதெல்லாம் அன்ஜுமுக்கு உறைத்தது நேற்று சாயங்காலம், வகுப்பில் மாதவராஜ் வாயைத் திறந்த பிறகுதான்.

மாதவராஜுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி. அப்பாவுக்குத் தக்காளி விவசாயம். அதே கம்பெனியில், அதே வேலைக்கு அவனுக்கும் கடிதம் வந்திருந்தது.

"ஒனக்கு எவ்ளோ போட்டாங்க?"

"மூணு இருபது."

"அடக் கொடுமையே! எனக்கு நாலு நாப்பது."

அவள் முதலில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் போனை எடுத்துக் கடிதத்தைக் காட்டினான்.

"நீ எவ்ளோ கேட்ட?"

"அஞ்சு கேட்டன். அந்தம்மா சிரிச்சுது. நானும் சிரிச்சன். மண்டியில எங்கப்பா தெனம் பண்றதுதான? நீ என்ன சொன்ன?"

"பாத்துப் போட்டுக் குடுங்கன்னு சொன்னேன்."

மாதவராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஏன், அவங்க மோட்டாரா எரிஞ்சுபோச்சு?"

பின் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். காது மட்டும் சுட்டது.

"இன்னும் சம்மதம்னு அமுக்கலையில்ல? நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது. போனப் போட்டுக் கேளு" என்றான்.

"கேட்டா வேலையே இல்லன்னு சொல்லிட்டா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"சொல்லிட்டா?"

பஸ் ஸ்டாண்ட் வரை கூட நடந்து வந்தவன், கடத்தூர் பஸ்ஸில் அவள் ஏறும்போது ஜன்னலைத் தட்டினான். "எம் பேர மட்டும் எடுத்துராத தாயி. சம்பளத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு கடுதாசியிலயே போட்டிருக்குது."

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிடித்தம் போக மாதம் கைக்கு வருவது இருபத்துமூன்றாயிரத்துச் சொச்சம். பெங்களூரில் பெண்கள் விடுதிக்கு மட்டும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கம்பெனி இருக்கும் இடத்துக்குப் போய்வரும் செலவு, போன், மாதம் ஒரு முறை ஊருக்கு வந்துபோவது, விடுதியில் சாப்பாடு இல்லாத நேரத்துச் சாப்பாடு, வாங்கியே ஆகவேண்டிய மடிக்கணினியின் தவணை. எல்லாம் கழித்தால் வீட்டுக்கு அனுப்ப நாலாயிரம் மிஞ்சியது. இப்போது மாது அண்ணன் கொடுப்பதில் அவள் வீட்டுக்குத் தருவது எட்டாயிரம். தம்பி ஆசிமின் பாலிடெக்னிக் அந்த எட்டாயிரத்தில்தான் நடக்கிறது. ஆக, பெரிய வேலைக்குப் போவதால் வீடு மாதம் நாலாயிரம் சறுக்கும். மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் அதேதான் வந்தது. கூட்டலில் தப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தாள்.

இதற்கு நடுவே இன்னொரு எண்ணமும் குடைந்தது. மாதவராஜின் பயிற்சிகளைத் திருத்திக் கொடுப்பவளே அவள்தான். ஒரு வெப் பக்கத்தைக் கொடுத்தால் அது எங்கே உடையும் என்று அவன் பார்ப்பதற்குள் அவள் பட்டியலே எழுதிவிடுவாள். ஆனாலும், அவனிடம் அவர்கள் எதையோ பார்த்திருக்கலாம். தன்னிடம் இல்லாத எதையோ. மூன்று இருபதுதான் தன் சரியான விலையோ என்னவோ.

நாலு இருபத்தைந்துக்கு எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள் பிரணதி.

"சொல்லுங்க அன்ஜும். இன்னும் நீங்க அக்செப்ட் பண்ணலையே?"

முதல் வாக்கியம் அதிலேயே வீணாகிவிட்டது. அவள் விரலால் இரண்டாவதைத் தேடினாள். "மேடம், சம்பளம் பத்தி... கொஞ்சம் பேசணுங்க."

"அதான் அன்னைக்கே பேசி முடிச்சோமே. நீங்கதானே என்கிட்ட விட்டீங்க?"

"ஆமாங்க மேடம்."

"இப்ப என்ன புதுசா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

இந்தக் கேள்வி ஏழு வாக்கியத்தில் எதிலும் இல்லை. மாதவராஜின் பெயர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொன்னால் இந்தப் பேச்சு ஒரே நொடியில் முடிந்துவிடும். அவனுக்குப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டால் பிரணதியால் என்ன சொல்ல முடியும்? பஸ் ஜன்னலைத் தட்டிய அவன் விரல்கள் தெரிந்தன.

"யாரும் சொல்லலைங்க. நானே கணக்குப் போட்டுப் பாத்தேனுங்க. கட்டாதுங்க மேடம்."

"கட்டாதுன்னா?"

"இந்தத் தொகையில அங்க வந்து இருக்க முடியாதுங்க. வூட்டுக்கும் அனுப்பணும். ரெண்டாவது ரவுண்டுல நீங்க குடுத்த பக்கத்துல ஒம்பது தப்பு இருக்குதுன்னு சொன்னாங்க. நான் பதினொண்ணு எடுத்துக் குடுத்தேனுங்க. அதயும் பாக்கணுங்க மேடம்." இதுவும் நோட்டில் இல்லாததுதான். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. "லுக் அன்ஜும், வெயிட்டிங்ல எனக்கு ஆறு பேர் இருக்காங்க. பட்ஜெட் இன்னைக்கு க்ளோஸ். சுத்தி வளைக்காதீங்க. உங்க நம்பர் என்ன?"

நோட்டில் மூன்றாவது வரியில் கோடு போட்ட இடத்தைப் பார்த்தாள். நாலு நாற்பது என்றால் அது மாதவராஜின் தொகை. பெயரைச் சொல்லாமலே பெயரைச் சொன்னதாகிவிடும். அதனால்தான் அந்த இடம் எதுவும் எழுதாமல் கிடந்தது. குறைத்து நாலு என்று சொல்லலாம். மூன்று எண்பது என்றால் கேட்கவே கூச்சமிருக்காது. சேலம் பக்கத்துப் பாசஞ்சர் வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெஞ்சிலிருந்து அவள் எழுந்து நின்றாள்.

"நாலு அறுபதுங்க மேடம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் விசைகள் தட்டப்படும் சத்தம் மட்டும் வந்தது. சரியென்று தட்டுகிறாளா, பெயரையே அடித்துவிடுகிறாளா? 'இல்லைன்னா பரவாயில்லைங்க மேடம், மூணு இருபதே போதுங்க' என்ற பேச்சு முழுசாகத் திரண்டு, வயிற்றிலிருந்து மேலே ஏறி வந்தது. பல்லைக் கடித்தாள். அதையும் தாண்டி வந்தது. வலது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

ரயில் வந்து நின்றது. பெட்டிகளிலிருந்து இறங்கிய ஜனம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கட்டைப்பையோடு இறங்கிய ஒரு நடுத்தர வயதுப் பெண், நாலடி கடந்தவள், திரும்பி வந்தாள்.

"என்ன கண்ணு, வாந்தி வருதா?"

அன்ஜும் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"பின்ன எதுக்கு இப்பிடிப் பொத்திக்கிட்டு நிக்கற? முழுகாம இருக்கறயா?"

அன்ஜும் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. இடது கையில் போன், வலது கை வாயில். விசைகள் இன்னும் ஓயவில்லை.

"அட, கண்ணெல்லாம் கலங்குது, இல்லைங்கற. ரயிலு கொமட்டுனா அப்பிடித்தான்." அந்தப் பெண் பையைத் தரையில் வைத்துத் துழாவி, ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அதை வாங்கிக்கொள்ள அன்ஜுமிடம் கை இல்லை என்று கண்டு, தானே நகத்தால் தோலைக் கீறி, அவள் மூக்கருகே பிடித்தாள்.

"நல்லா மோந்துக்க. வாயத் தொறக்காத. அடங்கிரும்."

ரயில் ஊதிவிட்டுக் கிளம்பியது. அன்ஜும் விரல்களின் இடுக்கு வழியாக மூச்சை இழுத்தாள். காதில் விசைச் சத்தம் நின்றது. பழத்தைப் பிடித்திருந்த அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தபடி, தானும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.