தக்காளி பழுக்கட்டும்

மாடம்பாக்கத்தில் ஹாஜா மைதீன் பாய் வீட்டு மொட்டைமாடி அறையில் குடியிருந்தேன். மறைமலை நகரில் கம்பெனி வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். ஒருமுறை அழுகின தக்காளியைப் பெயின்ட் வாளி மண்ணில் பிழிந்துவிட்டேன். செடி வந்தது.

நோன்பு தொடங்கிய அன்று பாய் ஒரு தூக்கில் கஞ்சியோடு மாடியேறி வந்தார்.

"ஜெபராஜ், சூடா கீது, குடி. ஜெய்னப் குடுத்துச்சு." செடியைப் பார்த்தார். "இன்னாப்பா, தோட்டமே போட்டுட்டே. தக்காளி ரத்தத்துக்கு நல்லது, கண்ணுக்கும் நல்லதாம். குச்சி மாதிரி கீறே, தின்னு தேறு."

"இது நம்ம நாட்டுச் செடியே இல்ல பாய். தென் அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்ததாம். வெள்ளக்காரன் மொதல்ல விஷம்னு பயந்து, அழகுக்குத்தான் வளத்தானாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"அங்கேர்ந்து வந்து நம்ம ரசத்துல குந்திக்கிச்சா," என்று சிரித்தார். பாங்கு சொல்லப்போகும் நேரம்வரை நின்று பேசிவிட்டுத்தான் இறங்கினார். நாளைக்கும் வருவார் என்று நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

தூக்கைக் கழுவி வைத்தேன். எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். கடையில் வாங்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. செடியில் அப்போதுதான் காய் பிடித்திருந்தது. பழுக்கட்டும், அதையே போட்டுக் கொடுப்போம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். கீழேயிருந்து கஞ்சி வாசனை மட்டும் வரும். போய்க் கேட்டால் கஞ்சிக்கு அலைகிறான் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். மழை வேறு பிடித்துக்கொண்டது. காய் பச்சையாகவே தொங்கியது.

ஒருவழியாகச் சிவந்ததும் பறித்து, தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாயின் மனைவி ஜெய்னப் அக்காதான் கதவைத் திறந்தார்.

"வெறும் தூக்கா குடுக்கக் கூடாதுல்லா அக்கா. அதான் பழுக்கட்டும்னு வச்சிருந்தேன்."

ஜெய்னப் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "லூசுத் தம்பி. தூக்கு திரும்பி வரலன்னதும் கஞ்சி உனக்குப் புடிக்கலன்னு நெனச்சோம். அவரு போறேன்னுதான் சொன்னாரு. நான்தான், அந்தப் புள்ளைய ஏன் தொந்தரவு பண்றீங்கன்னு நிறுத்திட்டேன்."

"அப்ப நாளைக்கு?"

"பிறை பாத்தாச்சுப்பா, நாளைக்குப் பெருநாள். தொழுதுட்டு கோவளத்துல எங்கம்மா வூட்டுக்குப் போறோம். இனிமே கஞ்சி அடுத்த வருசம்தான்."

கஞ்சி வேண்டாம், பாய் சும்மா வந்து நின்றால் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நல்லபடியா போய்ட்டு வாங்க அக்கா," என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.