ஃபிளெக்ஸில் என் இரண்டு கன்னங்கள்

எங்கள் பக்கத்தில் காது குத்தினால் ஃபிளெக்ஸ், வயதுக்கு வந்தால் ஃபிளெக்ஸ், செத்தால் கட்டாயம் ஃபிளெக்ஸ். நாற்பத்து மூன்று வயதில், வயதுக்கு வந்ததற்கும் சாவதற்கும் நடுவே மாட்டிக்கொண்டவள் நான். என் நாத்தனார் மூஞ்சி மூன்று முறை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் தொங்கிவிட்டது. எரிச்சலாக இருக்காதா?

அதனால்தான் பியூட்டி பார்லர் வளர்மதி கேட்டதும் தலையை ஆட்டினேன். முகச் சுருக்கத்துக்குத் தடவும் பெப்டைட் சீரம் இரண்டு வகை வாங்கிவிட்டு, வருகிறவர்களுக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

"வலது கன்னத்துக்கு இந்த நீலம், காப்பர் பெப்டைட். இடதுக்கு இந்த வெள்ளை, அது வேற பெப்டைட். ரெண்டுமே தோலைத் தட்டி எயுப்பி வேலை வாங்கும்க்கா. மூணு மாசம் தடவு. எது ஜெயிச்சாலும் உன் மூஞ்சியப் பெரிய ஃபிளெக்ஸா போட்டுடறேன்."

"ரெண்டும் தோத்துட்டா?"

"ஃபிளெக்ஸ் கெடையாது."

வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தடவினேன். பக்கம் மாறக் கூடாதென்று வலது கையில் மட்டும் நீல வளையல். வேர்க்கடலை பிடுங்கப் போனாலும் முக்காடு, சன்ஸ்கிரீன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மூன்றாம் மாதக் கடைசியில், சிரித்தால் இடது கண்ணோரம் விழும் கோடுகள் மட்டும் கொஞ்சம் மங்கிய மாதிரி இருந்தது. நிஜமா, என் ஆசையா? வீட்டுக்காரர் தேவராஜைக் கேட்கலாமென்றால், நான் மொட்டையடித்துக்கொண்டு வந்தாலும் அந்த மனிதர் சோறு ஆயிடுச்சா என்றுதான் கேட்பார்.

பார்லரில் போய்க் காட்டியதும் வளர்மதி துள்ளினாள். சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து ஃபிளெக்ஸ் கடை கார்த்திக்குக்கு அனுப்பினாள். 'இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் வெள்ளை, நீங்களே பாருங்கள்' என்று வாசகமும் சொன்னாள்.

பார்லர் வாசலில் ஃபிளெக்ஸ் ஏறிய அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஓடினேன். மேலே இருபது வயதுப் பெண் ஒருத்தி சிரித்தாள். இரண்டு கன்னமும் உரித்த முட்டை! கீழே கூடியிருந்த பெண்கள் இன்னா வித்தியாசம், இன்னா வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வளர்மதி போனில் கத்தினாள். கார்த்திக் நிதானமாகச் சொன்னான்: "ஒரு பக்கம் கோடு ஜாஸ்தியா இருந்துச்சிக்கா. லைட்டு சரியில்லன்னு ரெண்டையும் சமமாக்கிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான பண்றேன்?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்து உரமூட்டையோடு தேவராஜின் வண்டி வந்து நின்றது.

"யாரும்மே இது?" என்றார், ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்து.

"ஒன் பொண்டாட்டிதான்யா!" என்றேன்.

"சும்மா சொல்லாத. நீ சிரிச்சா கண்ணாண்ட கோடு வுழும். இப்பத்தான் கொஞ்ச நாளா எடது பக்கம் கம்மியாகினு வருது, வலது பக்கம் அப்டியேதான் கீது. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லியே!"

வளர்மதி போனைக் கீழே போட்டாள். "அண்ணா! எந்தப் பக்கம் கம்மி?"

"எடதும்மா. ஏன், இன்னா ஆச்சு?"

"வெள்ளை ஜெயிச்சிடுச்சி!" என்று அவள் குதித்தாள். எல்லாத் தலைகளும் ஃபிளெக்ஸிலிருந்து என் பக்கம் திரும்பின. சந்தோஷத்தில் எனக்குக் கிறுகிறுத்தது. இடது கன்னத்தைக் காட்டினேன், வலதைக் காட்டினேன், பிறகு இரண்டு பக்கமும் கோடு விழ வாய்விட்டுச் சிரித்தேன்.

"இத்தினி நாளா என்னப் பாத்துக்கினா இருந்த?" என்று அவரைக் கேட்டேன்.

"வேற யாரப் பாக்கறது?" என்றார், சரிந்த மூட்டையை நிமிர்த்தியபடி.