இதயம் படம் போட்ட கேன்

என் வீட்டுக்காரர் சிவகுமாருக்கு நெஞ்சு வலி வந்தபோது அவர் கையில் ஜல்லிக்கரண்டி இருந்தது. பெருங்களத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் பஜ்ஜிக் கடை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டேன். வாயு என்றார். எண்ணெயில் கிடந்த வடையை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். மனுஷன் நெஞ்சில் கை கூட வைக்கவில்லை.

ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத்தான் உட்கார வைத்துப் பேசினார். பாமாயில், டால்டா இரண்டும் வீட்டுக்குள் வரக் கூடாது. பதிலுக்குச் சூரியகாந்தி எண்ணெய், அதுவும் அளவாக. வாரத்துக்கு இரண்டு நாள் மத்தி மீன், குழம்பாக வைக்கவேண்டும், வறுக்கக் கூடாது. முக்கியமாக, பொரித்த எண்ணெயைத் திரும்பத் தொடவே கூடாது என்றார். அதிலுள்ள நல்ல கொழுப்பு சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடுமாம், கெட்ட பிறகு அது இதயத்துக்கு எதிரியாம்.

அன்றிலிருந்து அப்பளத்தை அனலில் சுட்டேன். எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றினேன். நல்ல மத்தி வேண்டும் என்று கோவளம் வரை பஸ் ஏறிப் போனேன். இதயம் படம் போட்ட எண்ணெய்க் கேனை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, இது அவர் உயிர், யாரும் கை வைக்காதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

கேன் லேசில் குறையவில்லை. எல்லாம் என் கைச் சிக்கனம் என்று எனக்குள் ஒரே பெருமை. போன வாரம் கடுகு தாளிக்கும்போது எண்ணெய் நுரைத்தது. மோந்து பார்த்தேன். மிளகாய் பஜ்ஜி வாசனை.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஒரே காம்பவுண்டில் பக்கத்துப் போர்ஷனில் என் ஓரகத்தி அங்காளம்மாள் இருக்கிறாள். நான் இல்லாதபோது என் சமையலறைக்குள் உரிமையோடு வருகிறவள் அவள்தான். நல்ல எண்ணெயை எடுத்துக்கொண்டு பழசை ஊற்றி வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, தெரு கேட்கத் திட்டித் தீர்த்தேன். அவள் சாமி மேல் சத்தியம் செய்தாள், அழுதாள், கதவைச் சாத்திக்கொண்டாள். இவரோ வாசலில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பால் வாங்கக் கிளம்பியவள் பர்ஸை மறந்து திரும்பி வந்தேன். அடுப்பங்கரையில் இவர் குந்திக்கொண்டு, கடையின் தூக்குவாளியிலிருந்து நேற்றைய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, என் கேனுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். சிந்தாமல், அத்தனை பக்குவமாக.

"இன்னா பண்ணிகினு கீறீங்க?" என்றேன்.

"கடையிலயும் இப்ப இதே எண்ணெ தான்டி, அதே இதயம் படம். ஒரு தபா காய்ஞ்சா இதயம் ஓடிப்பூடுமா?"

பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் நான் நாக்கைக் கட்டி, வாயைக் கட்டிச் சமைத்ததெல்லாம் இந்தக் கறுத்த எண்ணெயில். இதே எண்ணெயைத்தானே பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்களுக்கும் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் போடுகிறார். அதைவிட, ஒரு பாவமும் அறியாதவளை நான் கிழித்துத் தொங்கவிட்டபோது வாய் திறக்காமல் நின்றாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

கேனை ஒரு கையிலும் தூக்குவாளியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பின்னாலேயே ஓடி வந்தார்.

"வெள்ளிக்கெழமை அதுவுமா எண்ணெயக் கொட்டாதடி. வூட்டுக்கு ஆவாது."

"நீங்க இல்லாத வூடு எனக்கு எதுக்கு?" என்று கேனை மண்ணில் கவிழ்த்தேன்.

ஐயோ என்று முனகி நெஞ்சில் கை வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது என்று பதறினேன்.

"முழுக் கேனுடி," என்றார், மண்ணைப் பார்த்தபடி.

உயிர் போக இருந்த அன்று நெஞ்சுக்குப் போகாத கை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்காளம்மாள் கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள், முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது.

"மொதல்ல நீங்க மன்னிப்பு கேளுங்க," என்றேன் அவரிடம். "அப்புறம் நான் கேக்குறேன்."