ருசி பார்த்த கரண்டி

குழந்தைகள் காப்பகத்துச் சமையல்காரிக்குச் சளி பிடித்து மூன்று வாரம் ஆகிறது. பாழாய்ப்போன சளி, போகும்போது நாக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, கசப்பு எதுவுமே தெரியவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும். அந்த வேலையை நம்பித்தான் நாலு வயது மகள் குட்டிமாவும் அங்கேயே இலவசமாகச் சேர்ந்திருந்தாள்.

போன வாரம் அந்தக் குட்டிதான், "சூப்பு ஒரே உப்பும்மா" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தது. வீட்டுக்குப் போனதும் இவள் கெஞ்சினாள். "அம்மா செஞ்சதைக் குறை சொல்லாதடி தங்கம். அம்மாவுக்கு வேலை போயிடும்."

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மணி அடிப்பதற்கு முன், சமைத்தவள் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துப் பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். இன்றும் குடித்தாள். வெந்நீர் இறங்கியது போலிருந்தது. போட்டாள் கையெழுத்து. மணி அடித்தது, ஆயா முதல் மேசைக்குச் சூப்பை எடுத்துப் போனாள்.

இன்றைக்குச் சுக்கினி என்கிற சீமைப் பூசணிப் பிஞ்சில் சூப். தோட்டக்காரன் காலையில் வைத்துவிட்டுப் போன கூடையில் எல்லா ரகமும் இருந்தன. பச்சை நீளக்காய் சீக்கிரம் குழைந்துவிடும். கழுத்து வளைந்த மஞ்சள் கொஞ்சம் இனிப்பு. ஓரம் மடிந்த வெள்ளைத் தட்டைக்காய் எவ்வளவு வெந்தாலும் உருக்குலையாது. எல்லாமே பிஞ்சு, தோல்கூடச் சீவ வேண்டாம். மேலே வரி போட்ட உருண்டைக்காய் இரண்டு கிடந்தன. புது ரகம் போல என்று அதையும் நறுக்கிப் போட்டிருந்தாள்.

தோட்டக்காரன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அக்கா, அந்த வரிக்காயைத் தூக்கிப் போட்டுட்டீங்கல்ல?"

"ஏன் தம்பி?"

"போன வருஷக் காய்ல நானே எடுத்த விதையில காச்சது அது. பக்கத்துல அழகுக்கு வெச்ச பேய்ப்பூசணிக் கொடி இருந்துச்சே, அதோட கலந்துடுச்சு போல. கொடியில மிச்சம் இருந்ததை இப்பத்தான் கடிச்சேன், அப்பப்பா, கசப்புன்னா கசப்பு! அது விஷம்க்கா, சின்னப் பிள்ளைங்க தாங்காது. நல்லவேளை, நீங்கதான் நாக்குல வெச்சுப் பாக்காம எதையும் அனுப்ப மாட்டீங்களே."

கால் தரையில் பாவவில்லை. அவள் கரண்டியோடு சாப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

"யாரும் குடிக்காதீங்க! கீழ வைங்க! ஆயாம்மா, பிடுங்குங்க! நான் ருசி பாக்கல, எனக்கு நாக்கு செத்து மூணு வாரமாச்சு!"

சொல்லிவிட்டாள். வேலை போனால் போகட்டும். ஆயா அரண்டுபோய்க் கிண்ணங்களை இழுத்தாள். முதல் மேசையில் ஆறு பிள்ளைகள். ஒருவன் துப்பிக்கொண்டிருந்தான், ஒருத்தி முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளியிருந்தாள். ஒரு வாய்க்கு மேல் யாரும் குடித்த மாதிரி தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து கிண்ணமும் நிறைந்தே இருந்தன. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆறாவது கிண்ணம் காலியாக இருந்தது.

குட்டிமா வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அம்மாவின் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்.

"ரொம்பக் கசந்துச்சும்மா. நான் யார்கிட்டயும் சொல்லல. முழுசும் குடிச்சிட்டேன்."