கோப்பையில் மிஞ்சியது

பாரிஸ் வியாபாரி வாலென் ஒயினை வாயில் உருட்டிக் கொப்பளித்து, நிலவறையின் மணல் தரையில் துப்பினார். அதில் ஒயினைத் தயாரித்த ஒதீலுக்குக் கோபமில்லை. ருசி பார்க்க வருகிறவர்கள் துப்பத்தான் செய்வார்கள். மிச்சத்தையும் தரையில் கவிழ்த்தாரே, அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் கோப்பையில் மிஞ்சியது எடுத்த பீப்பாய்க்கே திரும்பிப் போகும். அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா பல்லு கூசுது. புது ஓக் மரப் பீப்பாய்ல போடுங்க. வெண்ணெயும் வனிலாவுமா மணக்கட்டும். மெர்சோ ஊரு ஒயின்னா ஜனங்க அதத்தான் எதிர்பாக்குறாங்க. பாட்டில்ல உங்க அப்பா பேரையே ஒட்டி, மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்."

"வெண்ணெய் வேணும்னா பால் கடைக்குப் போங்க," என்றாள் ஒதீல்.

தம்பி பஸ்தியான் இருமினான். திராட்சைத் தோட்டத்தில் பாதி அவனுடையது. அவன் தலையாட்டிவிட்டால் அவளால் தடுக்க முடியாது. ஆலங்கட்டி மழை போன கோடையில் கொடிகளை நாசம் பண்ணியதிலிருந்து அவன் துவண்டுபோயிருந்தான். "வீம்பு புடிக்காத அக்கா, இவர விட்டா வேற யாரு வருவா?" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தான்.

ஒதீல் தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தாள். முதலில் பச்சை ஆப்பிள், பிறகு வறுத்த கொட்டையின் வாசனை, எல்லாம் அடங்கியபின் நாக்கில் மெல்லிய உப்பு. அந்த உப்பு அவர்கள் சரிவின் சுண்ணாம்புக்கல் தந்தது என்று அப்பா அடித்துச் சொல்வார். இதையா வனிலாவில் முக்குவது?

"தம்பி என்ன சொல்றீங்க?" வாலென் பஸ்தியான் பக்கம் திரும்பினார்.

பஸ்தியானும் ஒரு வாய் எடுத்து, நெடுநேரம் வைத்திருந்து விழுங்கினான். பிறகு, யோசிக்காமலே, மிச்சத்தைப் பீப்பாயின் வாயில் சாய்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை கோப்பையை உதறினான். நிமிர்ந்தபோது அவன் பார்வை மணலில் இருந்த ஈரத்தில் நின்றது.

"இத நீங்களா ஊத்துனீங்க?"

"துப்புனதும் இருக்கு. மிச்சம் ஒரு வாய்தானே இருந்துச்சு?" வாலென் சிரித்தார்.

"அந்த ஒரு வாய் பீப்பாய்ல குறையுது, முசியே." பஸ்தியான் மரமூடியை எடுத்துப் பொருத்தி, சுத்தியலால் ஓங்கி அறைந்தான். "அக்கா சொன்னதுதான் எனக்கும். புது மரம் கிடையாது."

ஒதீல் காலிக் கோப்பைக்காக வாலெனிடம் கை நீட்டினாள்.

"பால் கடை கோயிலுக்கு எதிர்ல இருக்கு. மதியத்துக்கு மூடிருவாங்க, சீக்கிரம் போங்க."