வயிற்றை எக்குங்க சார்

ஒரகடத்தில் தன்னை விட்டால் ஆளே கிடையாது என்பது பலராமன் சாரின் நினைப்பு. கார் சீட் செய்யும் அந்தக் கம்பெனிக்கு அவர்தான் மேலாளர். அவர் வரும்போது முதலில் வயிறு வரும், அதற்குப் பின்னால் அதட்டல் வரும், கடைசியாகத்தான் அவர் வருவார். 'முடியாது' என்று யாரும் தன்னிடம் சொல்லக் கூடாது என்று சட்டமே போட்டிருந்தார்.

அன்று காலை இசக்கிசெல்வி சொல்லிவிட்டாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு வருடமாக பெல்ட் பூட்டைச் சோதித்துப் பார்க்கிறவள். லாரியில் ஏறவிருந்த அறுபது சீட்டுக்கும் சிவப்பு டேக் கட்டியிருந்தாள்.

"பெல்ட் இறுக்கமா இருந்தா பட்டன் அமுங்க மாட்டேங்கு சார். லாரிய அனுப்ப முடியாது."

"லூசா வுட்டு அமுக்கு, தொறக்கும். எனக்கே பாடம் எடுக்கிறியா?" டேக்குகளைப் பிடுங்கி எறிந்தார். "கேட் பாஸ் வாங்கிக்கினு கெளம்பு."

வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல், வரவேற்பறையில் கேட் பாஸுக்காகக் காத்திருந்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கார் கம்பெனியிலிருந்து செங்கமலம் மேடம் தரம் பார்க்க வந்தார். அதே அறையில், காருக்குள் இருப்பதுபோல பெல்ட்டோடு ஒரு சீட்டை சின்ன ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்கள். அதுவும் அந்த அறுபதோடு சேர்த்துச் செய்த சீட்தான்.

"பாருங்க மேடம், நம்ம சீட்டு சிங்காசனம்!" பலராமன் சார் உட்கார்ந்தார். பெல்ட்டை வயிற்றுக்கு மேல் இழுத்துப் பூட்டினார். டக். பட்டனை அமுக்கினார். திறக்கவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். எழுந்திருக்கப் பார்த்தார், சீட்டும் ஸ்டாண்டோடு கூடவே எழுந்தது. கண்ணாடிக்கு வெளியே லைன் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியான பூஜா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, மாட்டிக்கினாருடி!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கிசெல்விக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கியபடி அருகில் போனாள்.

"வயித்த நல்லா எக்குங்க சார்."

எக்கினார். முகம் தக்காளியாகிவிட்டது. வெளியே பெண்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். பெல்ட் கொஞ்சம் தளர்ந்தது, பட்டன் அமுங்கியது.

"தொறந்துச்சா? நா சொன்னேன்ல!" அப்போதும் அவர் குரல் இறங்கவில்லை.

"வண்டி கவுந்து கெடக்கும்போது யாரு சார் வயித்த எக்குவா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. "இந்த மாதிரி எத்தன சீட்டு?"

"இது ஒண்ணுதான் மேடம்," என்றார் அவர், மூச்சு வாங்க.

"அறுவது," என்றாள் இசக்கிசெல்வி. "லாரி கெளம்பப் போவுது மேடம்."

மேடம் போனை எடுப்பதற்குள் லைன் பெண்கள் கேட்டுக்கு ஓடிவிட்டார்கள். பூஜா கையை விரித்துக்கொண்டு லாரிக்குக் குறுக்கே நின்றாள். சீட்டெல்லாம் இறங்கின. இசக்கிசெல்வி ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டிச் சோதித்தாள். நாற்பத்திரண்டு முடிந்தபோது முப்பத்தொன்று திறக்கவில்லை. பூட்டிக்கொண்ட ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றி, இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தாள்.

பலராமன் சார் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். எல்லோர் காதிலும் விழும்படி, "போனா போவுது, நாளைக்கு வேலைக்கு வந்துடு," என்றார்.

அவள் நிமிரவில்லை.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சார். இன்னும் பதினெட்டு சீட்டு பாக்கி கெடக்கு."

அவர் ஒதுங்கி நின்றார்.