ஏழு மாதத்துப் பிள்ளைகள்

காந்தா கண்ணை எடுக்கவில்லை. பஞ்சுக்குள் புதைந்து கிடந்த பிள்ளையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத மார்பு. ஏறியது, இறங்கியது, அப்படியே நின்றது. சட்டென்று பஞ்சை விலக்கி அவன் உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்துப் பூனைக்குட்டி போல முனகியது. மார்பு மறுபடி ஏறியது.

"கொறமாசத்துப் புள்ளைங்க மூச்சு வுட மறந்துடும்மா," என்று நர்ஸ் சம்பூர்ணம் முதல் நாளே சொல்லியிருந்தாள். "வார்டு பூரா நான் ஒருத்தி. நீதான் பக்கத்துலயே இருந்து ஞாபகப்படுத்தணும். கால சுண்டு. அழுதா நல்லது."

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இத்தகைய பிள்ளைகளை வைக்கக் கண்ணாடிப் பெட்டி உண்டாம். ஆனால் அந்த ஐப்பசி மழையில் அவ்வளவு தூரம் கொண்டுபோனால் வழியிலேயே குளிர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில், சுற்றிலும் பஞ்சு, இங்க் பில்லரால் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால்.

காந்தாவுக்கு இது புதிதல்ல. மூத்தவள் செல்லியும் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள்தான். அவளுக்கு இப்போது ஐந்து வயது. இன்னும் நடக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவள் வாயும் கழுத்தும் படுகிற பாட்டைக் காணச் சகிக்காமல் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "ஒண்ணும் தெரியாத கொழந்த" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். காந்தா மட்டும் அதற்கு ஒப்பவில்லை. யாராவது வேடிக்கையாகப் பேசினால் செல்லி சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு அது எப்படி வரும்?

அன்று காலை இந்திராணி தூக்குவாளியோடு வந்தாள். காந்தாவின் கணவன் ஆதிகேசவனுக்கு அண்ணன் மனைவி. அந்த அண்ணனைக் காந்தா மாமா என்று கூப்பிடுவாள். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வழக்கமாக வாசலில் நுழையும்போதே சத்தம் போடுகிறவள், இன்று வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"செல்லி சாப்ட்டுதா அக்கா?"

"ம்."

"யாரு ஊட்டுனது?"

இந்திராணி முந்தானையை எடுத்து விரலில் சுற்றினாள். பிரித்தாள். பிறகு திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு உங்க மாமா. என்னால முடியலடி. செல்லிய இட்டுக்கினு போயிருக்குது கேசவன். வேலூர் பக்கத்துல விடுதியாம். இந்த மாதிரி கொழந்தைங்கள வச்சிக்கிறாங்களாம். அங்கியே வுட்டுட்டு வர்றதுக்கு."

காந்தாவின் காதில் சொற்கள் விழுந்தன. ஆனால் கண் பிள்ளையின் மார்பைவிட்டு நகரவில்லை.

"எப்போ?"

"இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போச்சு. வெள்ளிக்கெழம எம்மவ ரேணுவ பொண்ணு பாக்க வர்றாங்க இல்ல, அவங்க கண்ணுல படாம அதுக்குள்ள போனா நல்லதுன்னு உங்க மாமா… நானுந்தான் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், நானுந்தான் சொன்னேன்."

இந்திராணியை அறைய வேண்டும் போல் இருந்தது. அதற்குக்கூட நேரமில்லை. போனால் இவன் மூச்சுக்கு யார் காவல்? போகாவிட்டால் செல்லி போய்விடுவாள். வார்டின் அந்தக் கோடியில் சம்பூர்ணம் யாருக்கோ பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாலும் வர முடியாது.

"ஒக்காரு அக்கா."

"இன்னாது?"

"ஒக்காருன்னு சொல்றேன். ஜாக்கெட்ட அவுரு."

இந்திராணி திகைத்து உட்கார்ந்தாள். காந்தா பிள்ளையைப் பஞ்சோடு அள்ளி அவள் மார்பின்மேல் வைத்து, முந்தானையால் இறுக்கிச் சுற்றினாள்.

"வெந்நி ஆறிப்போச்சு, உன் சூடுதான் இவனுக்கு. மாரு ஏறி எறங்குதான்னு பாத்துக்கினே இரு. நின்னா கால சுண்டு. கண்ண மூடாத, யாரு வந்தாலும் பேசாத."

"ஐயோ, நான் மாட்டேண்டி! எங்கையில இருக்கசொல்ல ஏதானா ஆச்சுன்னா?"

"ஆகாம பாத்துக்க," என்றாள் காந்தா. அதற்குள் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள்.

பிரசவித்த உடம்பு. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் அடிவயிறு கிழிகிறாற்போல் வலித்தது. தூறலில் நின்றிருந்த ரிக்‌ஷாவில் ஏறி, "வேகமா போப்பா, புள்ள போயிடும்" என்றாள். எந்தப் பிள்ளையைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ராஜ வீதி முழுக்க வண்டியும் ஆளும். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த வெளியூர்க் கூட்டம் குடையும் கையுமாக வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ரிக்‌ஷாக்காரன் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். அவளோ மனசுக்குள், 'சுண்டு அக்கா, சுண்டு' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வேலூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த ஒரு கை மணிக்கட்டுவரை அரக்குச் சிவப்பாக இருந்தது. சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிற கை. அவள் கணவனுடைய கை.

படியேறினாள். கண்டக்டர் விசில் ஊதப் போனவன் அவள் புடவையைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். புடவையின் பின்பக்கம் நனைந்திருந்தது. அது மழை இல்லை.

"காந்தா!" ஆதிகேசவன் எழுந்தான். "நீ ஏன் வந்தே? கொழந்த?"

"இந்திராணி அக்கா பாத்துக்குது. இவள குடு."

"அண்ணிகிட்டயா வுட்டுட்டு வந்தே?"

"இவள குடு."

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆதிகேசவன் குரலைத் தாழ்த்தினான். "கேளு. டாக்டர் எங்கிட்ட சொன்னாரு, சின்னதும் இப்படி ஆனாலும் ஆகலாமாம். ரெண்டையும் இடுப்புல தூக்கிக்கினு நீ எத்தினி வருசம் இருப்பே? நீ வுட மாட்டேன்னு தெரியும். அதான் பாவத்த நான் வாங்கிக்கலாம்னு பாத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது காந்தா. காலையிலேர்ந்து சிரிச்சிக்கினுதான் இருந்துது. எங்க இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான்."

அவன் கண்களில் நீர் நின்றது. காந்தா அதைப் பார்க்கவில்லை. செல்லியைத்தான் பார்த்தாள். தீபாவளிக் கவுன் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தது. தூரத்தில் அம்மா குரல் கேட்டாலே உடம்பெல்லாம் துள்ளுகிற பிள்ளை, இப்போது தலையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

"கண்ணு, வா." காந்தா கையை நீட்டினாள்.

செல்லி வரவில்லை. விறைத்த விரல்களால் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். காந்தா அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனபோது உடம்பை வில்லாக வளைத்துப் பின்னுக்குத் தள்ளினாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை, கோபம்.

காந்தா கணவன் பக்கம் திரும்பினாள். "இன்னா சொல்லி இட்டாந்தீங்க இவள?"

"இன்னா சொல்றது? அதுக்கு இன்னா புரியப் போவுது…"

"இன்னா சொன்னீங்க?"

"அம்மாதான் போகச் சொல்லிச்சுன்னேன். தம்பி வந்துட்டான், நீ அங்க போய் இருன்னு அம்மா சொல்லிச்சுன்னு… தலை வாரிக்கினே சும்மா சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றது. பிள்ளையின் முறுக்கிய முதுகைப் பார்த்தான். கம்பியை விடாத விரல்களைப் பார்த்தான்.

காந்தா ஈரப் புடவையோடு பஸ்ஸின் தரையில் மண்டியிட்டாள். "நான் சொல்லலடி. சத்தியமா சொல்லல. எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சதும் தம்பிய வுட்டுட்டு ஓடியாந்துட்டேன் பாரு."

செல்லி தலையைத் திருப்பினாள். அவளுக்கு அது எப்போதும் பெரிய வேலை. கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கண் ஒரு பக்கம் போகும். மெல்லத் திருப்பி முதலில் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனிடமிருந்து எடுக்கவே இல்லை.

ஆதிகேசவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"எம்மா, எறங்குறீங்களா இல்லியா?" என்றான் கண்டக்டர், மெதுவாகத்தான்.

"எறங்குறோம்பா," என்றான் ஆதிகேசவன்.

திரும்பும் வழியெல்லாம் செல்லி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். வார்டுக்குள் நுழையும்போது காந்தா எந்தச் சத்தமும் கேட்கவில்லையே என்று பயந்தாள். அழுகைச் சத்தமாவது கேட்கக்கூடாதா?

இந்திராணி விட்ட இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு விரல் பிள்ளையின் உள்ளங்காலில் ஒட்டியிருந்தது. உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

"அக்கா?"

"உஷ். ரெண்டு தபா நின்னுட்டான். ஒரு தபா நீலமாவே பூட்டான். எனக்கு உசுரு போய் உசுரு வந்துது. சுண்டுனேன், ஒதைச்சான்." அப்போதுதான் நிமிர்ந்து செல்லியைப் பார்த்தாள். பார்த்ததும் தலை குனிந்தது.

"வெள்ளிக்கெழம இவள நான் எங்கியும் ஒளிச்சு வைக்க மாட்டேன் அக்கா," என்றாள் காந்தா.

"அத அப்பறம் பேசிக்கலாம். இவன இப்ப எடுக்காத. தூங்குறான்."

சம்பூர்ணம் வந்து காந்தாவைப் பிடித்துக் கட்டிலில் தள்ளி, ரத்தப்போக்கைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். காந்தாவுக்கு அது தாலாட்டுப் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், கூடத்தில் கிடந்த செல்லியையும் பார்த்தார்கள், பதில் சொல்லாமலே போனார்கள். அதற்குப் பிறகு இந்திராணி காந்தாவோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பிள்ளையைத் தினமும் குளிக்க வார்த்து, தன் மார்மேல் போட்டுத் தூங்க வைத்தவள் அவள்தான். ரேணுவுக்கு மறுவருஷம் உத்திரமேரூரில் வேறு இடம் அமைந்தது.

ஆதிகேசவன் சாயப்பட்டறையில் நூல் காயப்போடுகிற மூங்கில்களை வாங்கிவந்து, பின்கட்டில் செல்லி பிடித்து நிற்க இரண்டு பக்கமும் கட்டிவைத்தான். அவள் அவற்றைப் பிடித்து நின்றாள். அவனைப் பிடித்து நிற்க மட்டும் மாட்டாள். தூக்க வந்தால் உடம்பை வில்லாக வளைப்பாள். அவனும் வற்புறுத்தவில்லை.

பையன் தேறிவிட்டான் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய சமயம், அம்மை குத்திவர ஆதிகேசவன் அவனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசற்படிக்கு வந்தவன் நின்றான். செல்லி தரையில் உடம்பை இழுத்து இழுத்து வந்து, நிலைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டிருந்தாள். கண்களில் நெருப்பு. தம்பியின் துணி நுனியை ஒரு கை பற்றியிருந்தது.

காந்தா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். கணவன் அவளைக் கையமர்த்தினான்.

அவன் பிள்ளையோடு தரையில் செல்லி பக்கத்தில் உட்கார்ந்தான். "ஆஸ்பத்திரிக்குப் போறோம்மா. தம்பிக்கு ஊசி குத்துவாங்க, கொஞ்சம் அழுவான். குத்துனதும் திரும்ப இட்டாந்துடுவேன். அங்க வுட மாட்டேன். இந்தத் தபா நெஜமாத்தான் சொல்றேன்."

செல்லியின் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவன் முகத்தைத் திருப்பாமல் காத்திருந்தான்.

"வ… ரு… மா?"

"வரும்மா. ரெண்டு பேரும் வருவோம்."

அவள் நெடுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு துணியை விட்டாள். விறைத்த காலை இரண்டு கைகளாலும் பிடித்து, மெல்ல ஓரமாக இழுத்து, வழிவிட்டாள்.